சிரிப்பை எழுதியவர் போய்விட்டால்...? – ஒரு சிறு ஆய்வு



ஆண்டு மலர் என்றாலே 'தன்னம்பிக்கை', 'காலம் பொன் போன்றது', 'இளைஞர் கையில் இந்தியா' என்று எழுதுவதுதான் வழக்கம். எல்லாம் நல்ல தலைப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதிகம் அலசப்படும் சப்ஜெக்ட் எது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். காமெடிதானே? எந்த நிகழ்ச்சி முன்ன மாதிரி இல்லை, யார் போன பிறகு டல் அடிக்குது, யார் வந்த பிறகு கெட்டுப் போச்சு என்று பேசாத நாள் உண்டா?

அப்படிப் பேசும்போதெல்லாம் நாம் நடிகர் பெயரைத்தான் சொல்கிறோம். எழுதியவர் பெயரைச் சொல்பவர் பத்துக்கு ஒருவர் கூட இல்லை. ஆனால் சிரிப்பு என்பது முதலில் ஒரு தாளில், ஒருவர் கையெழுத்தில் பிறக்கிறது. அந்த ஆள் ஒரு நாள் விலகிவிட்டால், அல்லது மறைந்துவிட்டால், அந்தச் சிரிப்பு என்ன ஆகும்? நின்று போகுமா? குறைந்து போகுமா? அல்லது வேறு சிரிப்பாக மாறிவிடுமா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதற்கும் நம்ம பேரவை மேடைக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. காமெடிக்கு எழுத்தாளர் என்று ஒருவர் உண்டா?

பலர் நினைப்பது என்னவென்றால், காமெடி நடிகர் கேமரா முன் நின்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், நாம் சிரிக்கிறோம், அவ்வளவுதான். கொஞ்சம் உண்மை இருக்கலாம். முழு உண்மை அதுவல்ல.

தமிழ் சினிமாவில் 'காமெடி டிராக்' என்று ஒரு பழக்கம் வெகுகாலம் இருந்தது. படத்தின் கதையை ஒருவர் எழுதுவார். நகைச்சுவைப் பகுதியைத் தனியாக இன்னொருவர் எழுதுவார். கவுண்டமணி - செந்தில் ஜோடியை எடுத்துக் கொள்ளுங்கள். அவர்களுடைய பல படங்களின் நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் ஒரு நகைச்சுவை நடிகர்தான். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியும், 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியும் அவர் எழுத்து. இன்றைக்குப் பிறந்த குழந்தைக்குக் கூட வாழைப்பழக் காமெடி தெரியும். வீரப்பன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வாழைப்பழக் காட்சியை ஒரு இன்ஜினியரிங் டிராயிங் மாதிரி பிரித்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் ஒருவர். வாங்கி வந்தவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருக்கிற ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார். இவ்வளவுதான் மூலப்பொருள்! ஒரே ஒரு தவறான கணக்கு. அதைச் சொல்பவர் கடைசி வரை விட்டுக் கொடுப்பதில்லை. கேட்பவருக்குக் கோபம் படிப்படியாக ஏறுகிறது. நடுவில் இன்னொருவர் பஞ்சாயத்துக்கு வந்தாலும் கணக்கு நேராவதில்லை. எந்த இடத்தில் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அளந்து வைத்தது போல இருக்கிறது. ஒரு வரி கூடினாலும் சலிக்கும். ஒரு வரி குறைந்தாலும் உச்சத்துக்கு ஏறாது. இந்த அளவைப் போட்டுக் கொடுத்தவர் எழுத்தாளர். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் நடிகர்கள். இரண்டும் வேண்டும்.

2. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை

லேபில் நாம் என்ன செய்கிறோம்? வோல்டேஜை அப்படியே வைத்துக் கொண்டு ரெசிஸ்டன்ஸை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். அப்போதுதான் எதனால் எது மாறியது என்று தெரியும். காமெடிக்கு இப்படி ஒரு சோதனை செய்ய முடியுமா? நடிகர் அதே ஆள், இயக்குநர் அதே ஆள், எழுத்தாளர் மட்டும் வேறு ஆள் என்று கிடைக்குமா? கிடைக்கிறது. கிரேஸி மோகன் விஷயத்தில் கிடைக்கிறது.

கிரேஸி மோகனைப் பற்றி நம்ம மாதிரி டெக்னிக்கல் மாணவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். 1952-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். 1972-ல் மாணவராக இருந்தபோது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு சிறு நாடகம் எழுதினார். பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? கமல்ஹாசன்! பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக் கொண்டே நாடகம் எழுதினார். 1976-ல் எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிக் கொடுத்தார். அந்த நாடகம்தான் அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' என்று ஒட்டிக் கொண்டது. 1979-ல் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

முதல் பாடம் இங்கேயே இருக்கிறது. எழுத்தாளர் தனியாகப் போன பிறகு நாடகப்ரியா படுத்துவிட்டதா? இல்லை. எஸ்.வி. சேகர் தொடர்ந்து ஏராளமான மேடைகள் கண்டார். ஆனால் அந்த மேடையில் அன்றாட அரசியல் கிண்டலும், அன்று காலைப் பேப்பரில் வந்த செய்தியை வைத்து அடிக்கும் ஜோக்குகளும் பெருகின. மோகன் பக்கத்திலோ மாது, சீனு, ஜானகி என்று ஒரே பெயர்கள், ஒரு வீடு, ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய் என்று குடும்பக் குழப்பம். ஒரே வாய்க்காலில் வந்த தண்ணீர் இரண்டு வயலுக்குப் பிரிந்த மாதிரி. இரண்டிலும் பயிர் விளைந்தது, ஆனால் ஒரே பயிர் அல்ல.

இப்போது சினிமாவுக்கு வருவோம்.

இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ், நடிகர் கமல்ஹாசன், வசனம் கிரேஸி மோகன்: 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990).

அதே இயக்குநர், அதே நடிகர், எழுத்து கமல்ஹாசனே: 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005).

இயக்குநர் கே.எஸ். ரவிகுமார், நடிகர் கமல்ஹாசன், வசனம் கிரேஸி மோகன்: 'அவ்வை சண்முகி' (1996), 'தெனாலி' (2000), 'பஞ்சதந்திரம்' (2002).

அதே இயக்குநர், அதே நடிகர், எழுத்து கமல்ஹாசனே: 'மன்மதன் அம்பு' (2010).

ஒரு விடுமுறையில் இவற்றை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன். மோகன் எழுதிய படங்களில் சிரிப்பு வார்த்தைக்குள் இருக்கிறது. ஒருவர் சொல்லும் சொல்லை அடுத்தவர் வேறு அர்த்தத்தில் பிடிப்பார். அதை மூன்றாமவர் இன்னொரு அர்த்தத்தில் பிடிப்பார். ரிலே ரேஸில் கட்டையை மாற்றிக் கொள்வது போல வார்த்தை கை மாறிக் கொண்டே ஓடும். ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக் போய்விடும். அதனால்தான் அந்தப் படங்களை இருபதாவது தடவை பார்க்கும்போதும் புதிதாக ஒன்று காதில் விழுகிறது. இன்னொரு விஷயம்: சின்னப் பாத்திரத்துக்கும் அவர் ஒரு நல்ல வரி வைத்திருப்பார். ஹீரோ மட்டும்தான் சிரிக்க வைக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே கிடையாது.

மோகன் இல்லாத அந்த இரண்டு படங்களிலும் சிரிப்பு இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சம்பவத்துக்குள் போய்விட்டது. 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தில் கடத்தல் திட்டம் ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் போவதில்தான் வேடிக்கை. 'மன்மதன் அம்பு' படத்தில் காதலும் துக்கமும் முன்னே நிற்கின்றன. சிரிப்பு பின்பாதியில்தான் முழுசாக வருகிறது. நிதானம் கூடியது, கசப்பும் கொஞ்சம் கூடியது, வார்த்தை விளையாட்டு குறைந்தது. இது தாழ்வு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றம் என்கிறேன். அதே குரல், அதே முகம், அதே டைமிங் இருந்தும் சிரிப்பின் ஜாதகமே மாறியது என்றால், அதற்குக் காரணம் எழுதிய கை என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

2019 ஜூன் 10-ம் தேதி கிரேஸி மோகன் காலமானார். அதன் பிறகும் அவருடைய தம்பி மாது பாலாஜியும் குழுவினரும் அவருடைய நாடகங்களை மேடையேற்றினார்கள். ஏன் முடிந்தது? எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதியதைப் பல வருஷம் பேசிப் பேசி வாயில் ஏற்றிய குழு இருந்தது. பழைய சிரிப்பைக் காப்பாற்ற இது போதும். புது நாடகம் எழுதுவது வேறு வேலை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. நடிகர் போய் எழுத்து நின்றால்?

இப்போது சோதனையைத் தலைகீழாகப் போடுவோம். எழுத்துப் பக்கம் அப்படியே இருக்கிறது, முக்கிய நடிகர் போய்விடுகிறார். இதற்கு நல்ல உதாரணம் விஜய் டி.வி.யின் 'லொள்ளு சபா'. இயக்குநர் ராம்பாலா கட்டி மேய்த்த நிகழ்ச்சி. பிரபலமான சினிமாவை எடுத்து, அதன் சீரியஸான காட்சிகளைக் கவிழ்த்துப் போட்டுக் கிண்டல் செய்வதுதான் அதன் வேலை. அதில் முன்னால் நின்றவர் சந்தானம். 2004-ல் 'மன்மதன்' படம் வந்த பிறகு அவர் சினிமாவுக்குப் போனார். நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. ஜீவா முன்னுக்கு வந்தார். மனோகர், சுவாமிநாதன், சேஷு போன்றவர்களை வைத்து அது ஓடியது.

சந்தானம் இல்லாத குறை தெரிந்ததா? தெரிந்தது, சும்மா சொல்லக் கூடாது. அந்த வேகமான எதிர்க்கேள்வி போய்விட்டது. ஆனால் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது. சினிமா எங்கே பொய் சொல்கிறதோ அங்கே விரல் வைக்கிற புத்தி அதே புத்திதான். ஹீரோ நடந்து வரும்போது காற்று ஏன் அடிக்கிறது, வில்லன் ஏன் முழுக் கதையையும் சொல்லிவிட்டுச் சுடுகிறான் என்ற கேள்வி யார் வாயிலிருந்து வந்தாலும் சிரிப்புதான். பல வருஷம் கழித்து 2016-ல் அதே ராம்பாலா இயக்கத்தில் அதே சந்தானம் 'தில்லுக்கு துட்டு' படத்தில் நடித்தார். பேய்ப் படங்களின் பழக்க வழக்கங்களையே கிண்டலுக்கு எடுத்துக் கொண்ட அந்தப் படத்தில் லொள்ளு சபா வாடை தூக்கலாகவே அடித்தது.

ஆக, நடிகர் போனால் ருசி குறைகிறது; எழுத்து போனால் சமையலே மாறுகிறது. என் முதல் முடிவு இது.

4. கடல் கடந்து ஒரு பார்வை

இது தமிழுக்கு மட்டும் உள்ள கதை அல்ல. அமெரிக்காவில் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடிக் கொண்டிருக்கிறது. 750 எபிசோடுகளுக்கு மேல் வந்துவிட்டது. அங்கே ஒருவர் தனியாக எழுதுவதில்லை. ஒரு பெரிய அறையில் பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்து ஒருவர் வரியை ஒருவர் அடித்துத் திருத்தி எழுதுவார்கள். அந்த அறையை முதலில் அமைத்துக் கொடுத்தவர் சாம் சைமன். 1993-ல் அவர் விலகினார். அதே வருஷம் தலைமை வகித்த ஆல் ஜீன், மைக் ரைஸ் இருவரும் வேறு தொடர் செய்யப் போனார்கள். கோனன் ஓ'பிரையன் பேட்டி நிகழ்ச்சி நடத்தப் போனார். 59 எபிசோடுகள் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டரும் 2003-க்குப் பிறகு எழுதவில்லை.

விளைவு உடனே தெரியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1993-க்குப் பிறகு வந்த பல எபிசோடுகளையும் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகுதான் மெல்ல மெல்ல முணுமுணுப்பு. கதைத் தலைவன் ஹோமர் ஆரம்பத்தில் முட்டாள்தான், ஆனால் மனைவி மக்கள் மேல் பாசமுள்ள முட்டாள். போகப் போக அவன் யாரைப் பற்றியும் கவலைப்படாத முரட்டுக் கோமாளி ஆகிவிட்டான் என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 1997-ல் வந்த ஒரு எபிசோடில், எட்டு வருஷமாக நாம் பார்த்த பள்ளி முதல்வர் உண்மையில் வேறு ஆளின் பெயரில் வாழ்ந்தவர் என்று கதை விட்டார்கள். எட்டு வருஷம் கட்டிய பாத்திரத்தை ஒரு ஜோக்குக்காக உடைக்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. 2001-ல் ஆல் ஜீன் மறுபடி தலைமைக்கு வந்தார். ஆனாலும் பழைய காலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று ரசிகர்கள் சொல்லவில்லை. காரணம், போனது ஓர் ஆள் அல்ல. ஓர் அறையின் சேர்மானம் போனது.

இன்னொரு உதாரணம் 'சைன்ஃபெல்ட்'. இதை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சைன்ஃபெல்ட், லாரி டேவிட் இருவரும். ஏழு சீசன் முடிந்து 1996-ல் லாரி டேவிட் விலகினார். எட்டும் ஒன்பதும் அவர் இல்லாமல் ஓடின. சாதாரண வாழ்க்கையின் அற்பமான எரிச்சல்களில் இருந்து பிறந்த காமெடி, நம்ப முடியாத கூத்துகள் பக்கம் சாய்ந்தது, வேகமும் கூடியது. வேடிக்கை என்னவென்றால், கூட்டம் குறையவில்லை! கடைசி சீசனில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான். ஆக, கைத்தட்டலை மட்டும் அளந்து பார்த்தால் சிரிப்பு மாறியது தெரியாது. 1998 மே மாதம் வந்த கடைசி எபிசோடை எழுத லாரி டேவிட்டே திரும்பி வந்தார்.

நம் நாட்டில் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' இந்தித் தொடர் 2008 ஜூலையில் தொடங்கி 4000 எபிசோடுகளுக்கு மேல் போய்விட்டது. அதற்கு மூலம் குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தா 'சித்ரலேகா' வார இதழில் 1971 முதல் எழுதிய பத்தி. அவர் 2017-ல் காலமானார். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு பத்தி என்றால் வருஷத்துக்கு 52. 4000 எபிசோடுக்கு ஆளுக்கொரு பத்தி வேண்டுமென்றால் ஒருவர் ஏறக்குறைய 77 வருஷம் எழுத வேண்டும்! எந்த மனிதராலும் முடியுமா? தினமும் ஒன்று வேண்டும் என்று மெஷினைப் போட்டுவிட்டால், மூல எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே சரக்கு தீர்ந்துவிடும். பிறகு ஓடுவது அவர் பெயர்தான்.

5. மாற்றம் எப்படி நடக்கிறது?

இத்தனை உதாரணங்களையும் வைத்துப் பார்த்தால் நான்கு படிகள் தெரிகின்றன.

முதல் படி, சேமிப்பில் ஓடுவது. எழுதியவர் போய்விட்டாலும் அவர் கட்டிய பாத்திரங்கள், பழக்கங்கள், பாதி எழுதிய யோசனைகள் எல்லாம் மிச்சம் இருக்கும். ஃப்ளைவீல் மாதிரி. மோட்டாரை நிறுத்தினாலும் சிறிது நேரம் சுற்றும். சுற்றுவதைப் பார்த்து, "பாத்தியா, அவர் இல்லாமலே ஓடுது" என்று எல்லோரும் சந்தோஷப்படுவோம்.

இரண்டாம் படி, நகல் எடுப்பது. புதிதாக வருகிறவர், பழையவர் என்ன எழுதினார் என்று பார்ப்பார். ஏன் எழுதினார் என்று பார்க்க மாட்டார். ஒரு பாத்திரம் ஒரு தடவை தும்மியதற்குச் சிரித்தார்களா? இனி ஒவ்வொரு காட்சியிலும் தும்மல்தான்.

மூன்றாம் படி, பெரிதாக்குவது. நகலுக்குச் சிரிப்பு குறையும்போது சத்தத்தைக் கூட்டுவார்கள். கோபக்காரன் வெறிபிடித்தவன் ஆவான். அப்பாவி அடிமுட்டாள் ஆவான். கஞ்சன் பிச்சைக்காரன் தட்டில் இருந்து எடுப்பான்.

நான்காம் படி, ஆளைக் கிண்டல் செய்வது. யோசனை முழுக்கத் தீர்ந்த பிறகு மிஞ்சுவது எதிரில் நிற்பவரின் உடம்புதான். குண்டு, கறுப்பு, குட்டை, வழுக்கை, திக்குவாய், ஊர்ப் பேச்சு. இதற்கு எழுத்தாளரே தேவையில்லை. பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இந்த மாற்றம் ஏன் சீக்கிரம் கண்ணில் படுவதில்லை என்பதற்கு எங்கள் காட்டுப்பள்ளிப் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். வடக்கே பழவேற்காடு ஏரி. ஏரியும் கடலும் சேருகிற இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். அங்கே மணல் சேர்ந்து அடைத்துக் கொண்டால் ஏரி ஒரே நாளில் வற்றிப் போவதில்லை. ரோட்டில் இருந்து பார்க்கிறவருக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். பறவை வரும், படகு நிற்கும், போட்டோ எடுக்கலாம். ஆனால் கடல் தண்ணி உள்ளே வராது. அதோடு வருகிற இறால் குஞ்சும் வராது. வலை போடுகிறவருக்குத்தான் மடியில் கனம் குறைவது தெரியும். அவர் சொன்னாலும் கரையில் நிற்பவர், "அதான் தண்ணி இருக்கே" என்பார். ஒரு நகைச்சுவைக் குழுவுக்கு எழுத்தாளர் என்பவர் இந்த முகத்துவாரம். வெளி உலகத்துப் புதுத் தண்ணீர் அவர் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

6. இது நம்ம மேடைக் கதையும்தான்

நண்பர்களே! சிம்ப்சன்ஸ் குழு நான்கு வருஷம் கழித்து எழுத்தாளர்களை இழந்தது. நாம் ஒவ்வொரு வருஷமும் இழக்கிறோம். டிப்ளமோ மொத்தம் மூன்று வருஷம். லேட்டரல் என்ட்ரியில் வந்தவருக்கு இரண்டே வருஷம். முதல் வருஷம் சீனியரைக் கண்டு ஒளிவதிலும், கடைசி வருஷம் ப்ராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ, அரியர் என்றும் போய்விடுகிறது. நடுவில் ஒரே ஒரு வருஷம்தான் ஒருவன் நாடகம் எழுதுகிறான். அவன் நன்றாக எழுதக் கற்றுக் கொள்ளும்போது டி.சி. வாங்கிக் கொண்டு போய்விடுகிறான். அடுத்த வருஷ ஆண்டு விழாவில் நாம் நேரே நான்காம் படியில் போய் நிற்கிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கலை விழாவில் (எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்) ஒரு நாடகம் பார்த்தேன். மீனவர் வேஷத்தில் ஒருவர் மேடைக்கு வந்தார். வந்தவுடன் மற்ற பாத்திரங்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக் கொண்டன. அதுதான் ஜோக்! வேறு வசனமே இல்லை. அரங்கம் அதிர்ந்தது. நான் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுமே! அன்று முதல் அவன் ஹாஸ்டலில் ஊர்ப் பேச்சுப் பேசுவதை விட்டுவிட்டான். சிரிப்புக்கு இப்படி ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பெயர் டிக்கெட்டில் இருப்பதில்லை.

எனக்கு வருத்தத்தோடு வியப்பும் வந்தது. மீனவக் குப்பத்தில் சிரிப்புக்கா பஞ்சம்? மீன் விற்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வாங்க வந்தவர், "என்னம்மா மீன் கண்ணை இப்படி முழிச்சுக்கிட்டுக் கிடக்கு, செத்து எத்தனை நாளாச்சு?" என்பார். "இப்பத்தான்யா செத்துச்சு, நீ கேட்ட வெலையக் காதுல வாங்கினதும்!" என்று பதில் வரும். இதில் மூக்கைப் பொத்த எங்கே இடம் இருக்கிறது? பேரம் இருக்கிறது, புத்தி இருக்கிறது, தோற்றவரும் சிரித்துக் கொண்டே காசை எடுக்கிறார். அந்த நாடகக் குழுவில் ஓர் எழுத்தாளர் இருந்திருந்தால் இதைக் கேட்டு எழுதியிருப்பார். எழுத்தாளர் இல்லாத இடத்தில் மூக்கைப் பொத்துவதுதான் மிஞ்சுகிறது.

நம்ம வொர்க்‌ஷாப்பிலேயே சரக்கு கொட்டிக் கிடக்கிறதே! இன்ஸ்ட்ரக்டர், "ஃபைல் முடிச்சாச்சா?" என்று ரெக்கார்டைக் கேட்கிறார். பையன் அரத்தை எடுத்து நீட்டி, "இன்னும் பாதிதான் தேஞ்சிருக்கு சார்" என்கிறான். "கையெழுத்து வாங்கினியா?" "கையே கிழிஞ்சிருக்கு சார்!" இப்படியே பத்து வரி போகலாம். யாருடைய நிறமும் ஊரும் இதில் வரவில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம், அவ்வளவுதான். கிண்டி மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் இந்த வழியில்தான் ஊரையே சிரிக்க வைத்தார்.

7. என்ன செய்யலாம்? – சில யோசனைகள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது ஆய்வாகாது. பேரவைக்கு என் யோசனைகள் இவை.

அ) ஸ்கிரிப்ட் நோட்டு ஒன்று வேண்டும். இதுவரை நம் நாடகங்கள் எல்லாம் வாய் வழியாகவே நடந்து, காற்றோடு போய்விட்டன. இனி மேடையேறும் ஒவ்வொரு நாடகமும் முழுசாக எழுதப்பட்டுப் பேரவை அறையில் இருக்க வேண்டும். எந்த வரிக்குச் சிரித்தார்கள், எந்த வரி விழுந்தது என்று ஓரத்தில் குறிப்பும் எழுத வேண்டும். லேபில் ரீடிங் எழுதாமல் விடுவோமா?

ஆ) எழுத்தாளர் பெயரை மேடையில் சொல்ல வேண்டும். நடித்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறோம். எழுதியவர் திரைக்குப் பின்னால் ஸ்க்ரீன் கயிறு பிடித்துக் கொண்டிருக்கிறார். அவர் பெயரை முதலில் சொன்னால், அடுத்த வருஷம் எழுதலாம் என்று முதல் வருஷத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஆசை வரும்.

இ) 'பாடு' முறை. பழவேற்காடு ஏரியில் இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்து வலை போடுவதற்குப் பாடு என்று பெயர். ஒருவரே எல்லா நல்ல இடத்தையும் பிடித்துக் கொள்ள முடியாது. யாரும் தொழில் மறந்து போகவும் மாட்டார்கள். எழுத்துக்கும் அப்படி ஒரு பாடு வைப்போம். ஃப்ரெஷர்ஸ் டே நாடகம் இரண்டாம் ஆண்டு எழுதட்டும். பொங்கல் விழா நாடகம் முதலாம் ஆண்டு எழுதட்டும். ஆண்டு விழா நாடகத்தை மூன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதட்டும். போகிறவர் கையில் இருப்பது இருப்பவர் கைக்கு வர இதைவிட வழியில்லை.

ஈ) ஒரு சோதனை. நாடகத்தில் கிண்டலுக்கு ஆளாகும் பாத்திரம் எந்த ஊரோ, எந்தத் துறையோ, எந்த உடம்போ, அப்படிப்பட்ட ஒருவரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவரும் மனசாரச் சிரித்தால் அது நல்ல ஜோக். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்றால் வேறு எழுதுங்கள். பயந்து சிரிப்பதற்கும் மனசாரச் சிரிப்பதற்கும் வித்தியாசம் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முடிவுரை

எழுதியவர் போவதைத் தடுக்க யாராலும் முடியாது. சிலர் சொந்தக் குழு தொடங்கப் போவார்கள், சிலர் வேறு வேலைக்குப் போவார்கள், சிலர் இந்த உலகத்தை விட்டே போவார்கள். நம்மவர்கள் அப்ரண்டிஸ் ஆர்டர் கையில் வாங்கிக் கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் போவார்கள். போகட்டும், நல்லா இருக்கட்டும். அவர் மாதிரியே எழுத வேண்டும் என்று பின்னால் வருகிறவர் கட்டாயப்படுத்திக் கொள்ளவும் வேண்டாம். மாற்றம் வரும்; வரட்டும். ஆனால் அது அடுத்தவன் மூக்கைப் பொத்துகிற பக்கம் இறங்காமல், காதைத் தீட்டிக் கேட்கிற பக்கம் ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் இந்த வருஷத்தோடு வெளியே போகிறவன். இரண்டு வருஷத்து நாடகங்களை ஞாபகம் இருந்த வரை எழுதி, ஒரு நீளமான நோட்டில் பேரவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பின்பக்கம் நூறு பக்கம் காலியாக இருக்கிறது. முதலாம் ஆண்டு நண்பர்கள் யாராவது போய்க் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பேனா உங்களுடையது.



– காட்டுப்பள்ளி மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை